சுவரிலிருந்து நான் கழற்றிய பழைய ஏசி

எங்கள் கடையில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள் என்னிடம் வந்து, "ஐயா, மல்டி பூட்டுறதைப் பற்றி எழுதித் தாங்கோ" என்று கேட்டார்கள். ஏசியைச் சுவரில் பொருத்திப் பூட்டும் முறையை நான் எழுத வேண்டியதில்லை. அது மெசினோடு வரும் புத்தகத்தில் படம் போட்டே இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் இல்லாத ஒரு விசயத்தை எழுதுகிறேன். எழுத விருப்பமில்லாமல்தான் எழுதுகிறேன்.

1. அளவெடுக்கப் போன நாள்

முப்பது வருசமாகத் திருகோணமலையில் ஏசி பூட்டியவன் நான். கந்தோர்கள், கடற்கரை விடுதிகள், குச்சவெளியில் மீன் வைக்கிற குளிர் அறை என்று பார்க்காத இடமில்லை. எல்லாம் ஒன்றுக்கு ஒன்று: உள்ளே ஒரு மெசின், வெளியே ஒரு மெசின். மல்டி என்றால் வெளியே ஒன்றுதான். அதிலிருந்து கொப்பர் குழாய்கள் பிரிந்து நாலு அறைக்கும் போகும். அதை நான் அதுவரை பூட்டியதில்லை.

முதலாளி ஒருநாள் கூப்பிட்டார்.

"குலம், பெரிய வேலை ஒண்டு வந்திருக்கு. மல்டி, அதுவும் ஹீட் பம்ப். கொழும்பில இருந்து ஆக்களைக் கூப்பிடுவம் எண்டு வீட்டுக்காரர் யோசிச்சவை. எங்கட குலம் செய்வான் எண்டு நான் சொல்லிப்போட்டன்."

எனக்குத் தலை கொஞ்சம் வீங்கிவிட்டது. அதை மறைத்துப் பிரயோசனமில்லை. ஹீட் பம்ப் என்பது வெயிலுக்குக் குளிர்விக்கும், குளிருக்குச் சூடாக்கும் மெசின். இந்த ஊரில் சூடு வாங்கவும் ஒருவன் காசு கொடுக்கிறானா என்று சிரித்துக்கொண்டுதான் துறைமுகப் பக்கம் இருந்த அந்த வீட்டுக்குப் போனேன். சிவநேசனைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

சிவநேசனுக்கு நாற்பது வயதிருக்கும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஏணியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்துவிட்டது. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை, கைகள் பாதிதான் வேலை செய்தன. அதைவிட, அவருடைய உடம்பு வியர்ப்பதில்லை. வியர்க்காத உடம்பில் ஏறிய சூடு இறங்காது என்று அவருடைய மனைவி வதனி ரீச்சர் எனக்கு விளங்கப்படுத்தினார். மாரி மழைக் குளிரில் அதே உடம்பு விறைத்துப் போகும். ஹீட் பம்ப் அதற்குத்தான்.

இரண்டு வருசமாக அவர் ஒரே படுக்கையறையில் இருந்தார். அந்த அறையில் மட்டும் பழைய ஏசி ஒன்று ஓடியது. கதவைத் திறந்து அவரை வெளியே எடுப்பது ஆஸ்பத்திரிக்குப் போகத்தான்.

"அண்ணை, ஹோலில ஏசி இல்லாட்டியும் காரியமில்லை. ரீவியை இஞ்ச கிடந்தே பாக்கலாம். குசினிக்குக் கட்டாயம் ஒண்டு வேணும். இவ சமைக்கேக்க நான் பக்கத்தில இருந்து கதைக்கவேணும்."

குசினிக்கு ஏசி பூட்டச் சொல்லி என்னை யாரும் கேட்டதில்லை. எழுதிக்கொண்டேன்.

2. பழசு யாருக்கு?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதுசு பூட்டுகிற வீட்டில் கழற்றும் பழசு, கழற்றியவனுக்கு. யாரும் எழுதி வைத்ததில்லை. முதலாளி கேட்கமாட்டார், வீட்டுக்காரருக்கும் குப்பை போனால் சரி.

கிண்ணியாவில் சலூன் வைத்திருக்கும் நளீம் நானா என் பழைய சினேகிதர். தலைமயிர் வெட்டப் போகும்போதெல்லாம், "பழசு ஒண்டு வந்தா என்னை மறந்திராதீங்க அண்ணன்" என்பார். சிவநேசன் வீட்டில் அளவெடுத்துவிட்டு வந்த அன்றே அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். வேலை தொடங்க முன்னமே வாக்குக் கொடுத்தாயிற்று.

படுக்கையறையில் வேலை நடந்த நாளில் சிவநேசன் சக்கர நாற்காலி வண்டியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நான் பழசில் கை வைத்ததும் கேட்டார்.

"அண்ணை, அது அதில கிடக்கட்டுமே?"

"ஒரு சுவரில ரெண்டு மெசின் வடிவில்லைத் தம்பி. அந்த ஓட்டைக்குள்ளாலதான் புதுக் குழாயும் வரவேணும்."

"புதுசு நிண்டு போச்செண்டா?"

"இது நிக்காது. நான் பொறுப்பு."

வதனி ரீச்சர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு ஓட்டை போட எனக்குக் கால் மணித்தியாலம் போதும். வெளியே இருக்கும் ஒரு மெசின் நின்றால் நாலு அறையும் சேர்ந்து நிற்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஏசி தொழிலில் ஒரு மாதம் இருந்தவனுக்கே தெரியும். சொல்லவில்லை. நளீம் நானாவுக்குக் கொடுத்த வாக்குத்தான் அந்த நேரம் மண்டைக்குள் நின்றது. பின்னேரமே பழசை ஓட்டோவில் ஏற்றிக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிக் கொடுத்தேன்.

3. சொதி

சில மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. மாரியில் சூடு கொடுத்தது, வெயில் தொடங்கக் குளிர் கொடுத்தது. ஒருமுறை பார்க்கப் போனபோது சிவநேசன் குசினிக்குள் இருந்தார். கரண்டியைக் கையோடு பட்டி போட்டுக் கட்டிக்கொண்டு தேங்காய்ப்பால் சொதியைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"உப்புக் காணாதெண்டு ஒரு கதை சொன்னனான் அண்ணை. அடிக்க வாறா."

"ரெண்டு வருசம் வாய் திறக்காமல் கிடந்த மனிசன்," என்றார் ரீச்சர். "இப்ப என்ர குசினிக்கு இன்ஸ்பெக்டர்."

மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு ஒரு பிளேன்டீ தந்தார்கள். என் கையால் செய்த வேலைகளில் இதுதான் திறமான வேலை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

4. சனிக்கிழமை

கச்சான் காற்று வீசும் காலம். அந்தக் காற்றில் வெளியே நின்றால் அடுப்பு வாசலில் நிற்பது போலிருக்கும். காலை பத்து மணியளவில் ரீச்சர் போன் பண்ணினார்.

"குலம் அண்ணை, நாலும் நிண்டுட்டுது. இவர் குசினியில இருந்தவர், இப்ப அறைக்குக் கொண்டுவந்திட்டன். கெதியா வாங்கோ."

போய் வெளி மெசினின் மூடியைக் கழற்றினேன். மெசினை ஓட்டும் கறண்ட் போர்ட்டின் மேல் ஒரு பல்லி கருகிக் கிடந்தது. கறண்ட் பாயும் இரண்டு முனைக்கும் குறுக்கே போய் விழுந்து, தானும் செத்துப் போர்ட்டையும் எரித்துவிட்டது. பல்லி போவது எந்த வீட்டிலும் நடக்கும். மற்ற வீடுகளில் ஓர் அறைதான் நிற்கும். புதுப் போர்ட் கேட்டு, கொழும்பில் அந்த மெசினை விற்கிறவர்களுக்குப் போன் அடித்துப் பார்த்தேன். சனி ஞாயிறோடு திங்கட்கிழமை பௌர்ணமிப் போயா லீவும் சேர்ந்துவிட்டது. செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் ஸ்டோர் திறக்காது என்று காவல்காரர் சொன்னார்.

உள்ளே ரீச்சர் ஈரத்துவாய் போட்டு, ஐஸ் கட்டி வைத்து, இரண்டு பேனைத் திருப்பி விட்டிருந்தார். சிவநேசனின் முகம் சிவந்துபோயிருந்தது. ஒரு துளி வியர்வை இல்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்," என்றார் ரீச்சர்.

"வேண்டாம். அங்க வாட்டிலயும் பேன்தானே," என்றார் சிவநேசன். பிறகு என்னைப் பார்த்தார். "அண்ணை, அந்தப் பழசு எங்க?"

அவர் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை.

"கிண்ணியாவில இருக்கு. கழட்டிக்கொண்டு வந்திடுறன். கொஞ்ச நேரம் பொறுங்கோ ரீச்சர், ஆஸ்பத்திரி வேண்டாம்."

ரீச்சர் என்னை நம்பிப் பொறுத்தார்.

ஓட்டோ பிடித்துப் பாலம் தாண்டிக் கிண்ணியாவுக்குப் போனேன். சலூன் நிறைய ஆட்கள். விசயத்தைச் சொன்னதும் நளீம் நானா ஒரு கேள்வி கேட்கவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"கழட்டுங்க அண்ணன். மனிசன்ட உசிரைவிட இது பெரிசா?"

காஸை வெளி மெசினுக்குள் இழுத்து அடைத்தேன். வால்வுகளைப் பூட்டி, குழாயைக் கழற்றி, சுவரிலிருந்து இறக்கத் தொடங்கினேன். அவர் கீழே நின்று தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைக்குள் சூடு ஏறத் தொடங்கியிருந்தது. அப்போதுதான் அவர் கேட்டார்.

"அண்ணன், ஒண்டு கேக்கட்டா? மெசினை அங்க கொண்டு போற நேரத்துக்கு, அந்த ஆளை இஞ்ச கொண்டு வந்திருக்கலாமே?"

ஸ்பானரோடு ஏணியில் நின்றேன். கிண்ணியாவுக்குக்கூட வர வேண்டியதில்லை. எங்கள் கடை சிவநேசன் வீட்டிலிருந்து பத்து நிமிச ஓட்டம். கடையின் முன்பக்கத்தில் விற்பதற்கு வைத்திருக்கும் மூன்று ஏசி காலையிலிருந்து மாலை வரை ஓடிக்கொண்டிருக்கும். சனிக்கிழமையும் திறந்துதான் இருந்தது. வண்டியோடு அவரைக் கொண்டுபோய் அங்கே விட்டிருந்தால் பொழுதுபடும் வரை சுகமாக இருந்திருப்பார். முப்பது வருசமாக நான் ஆள் இருக்கிற இடத்துக்குக் குளிரைக் கொண்டுபோனவன். ஆளைக் குளிருக்குக் கொண்டுபோகலாம் என்று என் மூளைக்கு எட்டவில்லை.

ஏணியில் நின்றபடியே ரீச்சருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. முதலாளிக்கு அடித்துச் சொன்னேன். அவர் கடையின் வான் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். போனபோது வாசலில் அம்புலன்ஸ் நின்றது. சிவநேசனுக்கு வலிப்பு வந்து நினைவு தப்பியிருந்தது.

நான் மெசினோடு வந்து சேர்ந்தபோது வீட்டில் யாருமில்லை. பக்கத்து வீட்டு அம்மா கதவுத் திறப்பைத் தந்தார். "எப்பிடியும் நீங்கள் வருவீங்கள், வந்தா குடுக்கச் சொல்லிப்போட்டுப் போனவ," என்றார். குசினியில் பாதி அரிந்த வெங்காயம் பலகையிலேயே கிடந்தது. படுக்கையறைச் சுவரில் புது ஓட்டை ஒன்று போட்டேன். கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை. குழாய் இழுத்து, அதிலிருந்த காற்றை வக்கியூம் பண்ணி எடுத்து, காஸைத் திறந்து விட்டேன். அறை குளிர்ந்தது. வெறுங்கட்டிலின் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து அழுதேன்.

5. பிறகு

சிவநேசன் சாகவில்லை. மூன்று கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார். ஆனால் பேச்சு குழறிப் போய்விட்டது. மூளையில் சூடு பட்ட இடம் திரும்பாது என்று டொக்டர் சொன்னாராம். ரீச்சருக்கு மட்டும் அவர் சொல்வது விளங்கியது. பாதி வேலை செய்த கைகளும் நடுங்கத் தொடங்கின. கரண்டியைக் கட்டினாலும் பிடிக்க ஏலாது.

போர்ட் வந்ததும் மாற்றினேன். பல்லி நுழையும் வழியெல்லாம் அடைத்தேன். ரீச்சரிடம் போய்ச் சொன்னேன்: "இப்ப ரெண்டு மெசின் இருக்கு ரீச்சர். ஒண்டு நிண்டாலும் மற்றது ஓடும். அவரை முந்தி மாதிரிக் குசினிக்குக் கொண்டு போகலாம்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அறையை விட்டு நான் இவரை எடுக்கமாட்டன் அண்ணை," என்றார். "அண்டைக்கும் நீங்கள்தான் பொறுப்பெண்டு சொன்னனீங்கள்."

நளீம் நானாவின் சலூனுக்கு எங்கள் கடையிலிருந்து ஒரு மெசின் வாங்கிப் பூட்டிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் பழசை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. பிள்ளைகளே, நீங்களும் இதைச் செய்யுங்கள். ஓடுகிற பழசு ஒன்று சுவரில் இருந்தால் அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் வேறு ஓட்டை போடுங்கள். வடிவில்லை என்றால் இல்லாமல் இருக்கட்டும். வீட்டில் நோயாளி இருந்தால், மெசின் நின்றால் ஆளை எங்கே கொண்டுபோவது என்று பூட்டுகிற அன்றே கேட்டு, அந்த இடத்தை ஒரு தாளில் எழுதி மெசினுக்குக் கீழே ஒட்டிவிட்டு வாருங்கள். நின்ற மெசினைத் திறக்க முன்னம் ஆளை அங்கே அனுப்புங்கள். "நான் பொறுப்பு" என்ற சொல்லை மட்டும் சொல்லாதீர்கள். என்னால் அந்தச் சொல்லைச் சுமக்க முடியவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வீட்டுக்குச் சேர்விஸ் செய்யப் போகிறேன். வேலையை விட்ட பிறகும் அதை மட்டும் நான் யாருக்கும் கொடுக்கவில்லை. போனமுறை குசினி மெசினின் பில்டரைக் கழற்றினேன். சமைக்கிற இடத்தில் ஓடிய மெசின் என்றால் பில்டர் முழுக்க எண்ணெயும் தூசியும் பிசின் போல ஒட்டியிருக்க வேண்டும். இதுவோ நான் முந்திக் கழுவி வைத்தபடியே, பெட்டியிலிருந்து எடுத்தது போல வெள்ளையாக இருந்தது. கழுவுவதற்கு ஒன்றுமில்லை. ரீச்சர் அடுப்படியில் தனியே நின்று சொதிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணிப் பைப்பைத் திறந்து, அதைக் கழுவினேன்.