எங்கள் நிலத்தில் புதைத்த மானிட்டர்கள்

அந்த மானிட்டர்களுக்கு உறை தைத்துப் போட்டவள் நான்தான். ஆந்திர எல்லையோர நகரித் தறியில் நெய்த கட்டம் போட்ட நீலத் துணி, ஓரத்தில் சுருக்கு நாடா. நாராயணவனம் போகும் சாலையில் இருந்த ஒரு தனியார் பள்ளியில் அப்போது நான் கம்ப்யூட்டர் டீச்சர். படித்த பிள்ளைகள் ஒவ்வொருவராக அமெரிக்காவுக்கு விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம். பள்ளியை நடத்திய கரஸ்பாண்டென்ட்டின் தம்பி மகனும் அப்படிப் போனவன். அங்கே ஏதோ ஆபீசில் கழித்துக் கட்டிய மானிட்டர்களை மொத்தமாக வாங்கி, நன்கொடை என்று பெயர் வைத்துப் பெரியப்பாவுக்குக் கப்பலில் அனுப்பிவிட்டான். பெரியதைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அவற்றை வைத்திருந்த கம்ப்யூட்டர் அறைக்குள் யாரும் செருப்புப் போடக்கூடாது. ஆயுத பூஜையன்று ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் குங்குமம் உண்டு. நாற்பதில் உயிரோடு வந்தவை ஆறேழுதான். மற்றவற்றின் உறையைப் பெற்றோர் வரும் நாளில் கழற்றக்கூடாது என்பது கரஸ்பாண்டென்ட் உத்தரவு. நானும் கழற்றவில்லை. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

தட்டைத் திரைகள் வந்த பிறகு இவை வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து, பின்மூடியைக் கழற்றி, செம்புச் சுருளையும் பிளாஸ்டிக்கையும் எடுத்துக்கொண்டார். "கண்ணாடி வாணாம் சார். உள்ள ஈயம் கீது, ஏதோ மருந்துப் பொடி வேற கீது. எவனும் வாங்கமாட்டான். கண்ட எடத்துல கொட்டிடாதீங்க, மண்ணு கெட்டுப்பூடும்" என்றார். கரஸ்பாண்டென்ட் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.

அடுத்த மாதமே எனக்குக் கல்யாணமாகி, திருப்பதிக்குப் போய்விட்டேன். எங்கள் நைனா, என் அப்பா, பாதி ஆயுள் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அரசாங்கம் கொடுத்த ஒன்றரை ஏக்கர் அந்தப் பள்ளிக்குப் பின்னால்தான் இருந்தது. அதில் ஒரு மூலை பள்ளம்; மழை பெய்தால் வாரக் கணக்கில் தண்ணீர் நிற்கும். ஒரு நாள் போனில் பேசினார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "கரஸ்பாண்டென்ட் சாரு நம்ப பள்ளத்த மூடிக் குடுத்துட்டாரும்மா. ஒடஞ்ச சாமான் போட்டு, மேல ஏரி மண்ணு. ஒரு பைசா வாங்கல. நம்பள மாதிரி ஆளுக்கு யாரு இப்டி செய்வாங்க?" என்ன சாமான் என்று நான் கேட்கவில்லை. அந்த வருஷம் முதலில் பிடுங்கிய வேர்க்கடலையில் நல்லதாகப் பொறுக்கி, ஒரு மூட்டை கட்டி, சைக்கிளில் தள்ளிக்கொண்டு போய் கரஸ்பாண்டென்ட் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு வந்தார் நைனா. அவரும் வாங்கி வைத்துக்கொண்டார். மற்ற எதையாவது என்றைக்காவது மன்னிப்பேனோ என்னவோ, அந்த மூட்டையை மட்டும் மன்னிக்கமாட்டேன்.

இரண்டு மூன்று உழவுக்குப் பிறகு கண்ணாடி மேலே வரத் தொடங்கியது. சாம்பல் நிறத்தில் விரல் தடிமன் துண்டுகள். அந்த மூலையில் களை எடுக்க யாரும் இறங்கமாட்டேன் என்றார்கள். நைனா இறங்கினார். காலில் கிழித்தது; ஏற்கெனவே சர்க்கரை இருந்த உடம்பு, புண் ஆறவில்லை. திருப்பதிக்குக் கூட்டி வந்து வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தோம். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, "அவரு மட்டும் தெரிஞ்சா செஞ்சாரு? பாவம்மா" என்றார்.

கரஸ்பாண்டென்ட்டைச் சும்மா விடக்கூடாது; என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. தெரிய வைத்தது ஒரு படிவம். நான் வேலை பார்க்கும் கல்லூரியில் பழைய மானிட்டர்களைக் கழித்தபோது, அனுமதி பெற்ற நிறுவனத்தின் லாரி வந்தது. எதைக் கொடுத்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். கண்ட இடத்தில் போட்டால் போட்டவர்தான் பொறுப்பு என்று அதில் இருந்தது. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அன்றைக்கே தெலுங்கில் ஒரு புகார் எழுதினேன். சுற்றுச்சூழல், நியாயம் என்று பெரிய வார்த்தைகளையெல்லாம் அதில் போட்டிருந்தேன். உண்மையில் நான் கேட்டது பழி. சித்தூர் கலெக்டர் அலுவலகத்துக்கு எத்தனை முறை பஸ் ஏறினேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், மண்ணெடுத்துப் போனார்கள். புதைத்ததைப் பள்ளிக்கூடமே தன் செலவில் தோண்டி எடுத்து, அனுமதி பெற்ற இடத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

தோண்டும் நாளில் லீவு போட்டுவிட்டுப் போனேன். அரைத்த மஞ்சள் மாதிரி நல்ல வெயில். வெள்ளைச் சட்டையில் கரஸ்பாண்டென்ட் வரப்பில் நின்றிருந்தார், வயதாகிவிட்டிருந்தது. கையுறை போட்ட ஆட்கள் மண்ணோடு கண்ணாடியை வாரிப் பெட்டிகளில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். நைனா விந்தி விந்தி நடந்து, பக்கத்து மோட்டார் கொட்டகையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்தார். "வெயில்ல நின்னுக்கினு கீறீங்களே சார், குந்துங்க" என்று அவர் பக்கத்தில் போட்டார். கரஸ்பாண்டென்ட் உட்காரக் குனிந்தார். நான் நாற்காலியை இழுத்து, "நீ உக்காரு நைனா" என்று தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தேன். நைனா என்னை ஏறிட்டுப் பார்க்கவேயில்லை.

"எந்துக்கம்மா இவ்ளோ கோவம்? நம்ம ஸ்கூல்ல வேல பாத்த பொண்ணு நீ" என்றார் கரஸ்பாண்டென்ட். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, பள்ளத்தைக் காட்டி, "எல்லாம் வந்துடுச்சி. போதுமா?" என்றார்.

"இல்ல சார். இன்னும் ஆழமாத் தோண்டச் சொல்லுங்க" என்றேன்.