கண் எழுதாமல் விட்ட படம்

ராமாத்தாள் அம்மாளின் முகத்தை எழுதி முடித்துவிட்டேன். நெற்றி, மூக்கு, தாடை, தோளில் விழுந்த வெள்ளைச் சேலையின் மடிப்பு, எல்லாம் ஆயிற்று. கண் மட்டும் பாக்கி. நான் அந்தக் கண்ணை எழுதுவதற்குள் அந்த அம்மாளின் கண்ணே மூடிக்கொண்டது. அம்மை கண்டுவிட்டது.

ஊர் அம்மனாகிய ஆத்தாளை நம்பி வாழ்கிற உங்களிடம் இதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. பேசிப் பழக்கம் இல்லாதவன். முன்கோபக்காரன் வேறு. முன்னே பின்னே சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வயசுக் காலத்தில் கோயமுத்தூரில் ஒரு ஓவியரிடம் எண்ணெய் வர்ணம் பழகியவன். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு ஆள் உயரப் படங்கள் எழுதினேன். பிறகு போட்டோ பிடிக்கிறவர்கள் வந்தார்கள். ஒரு மாசம் ஆகிற வேலையை அவர்கள் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு நொடியில் முடித்தார்கள். என்னை யார் கூப்பிடுவார்கள்? கோயில் வேலைக்குப் போனேன். மயில் வாகனம், குதிரை வாகனம், கோபுரத்துச் சுதைப் பொம்மை. அந்த வர்ணம் பட்ட உடனே காயும். எண்ணெய் வர்ணத்தின் வாசனையையே பல வருஷம் மறந்திருந்தேன்.

பெருவெள்ளம் வந்து போனதற்கு அடுத்த மாசி மாதம் ராமாத்தாள் அம்மாள் ஆள் அனுப்பினார். கணவர் போன பிறகு தோட்டம், களம், ஆள் படை எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக நடத்துகிறவர். அவர் வீட்டுக் கூடத்தில் அந்தக் கணவரின் பெரிய படம் தொங்குகிறது. நான் எழுதியதுதான்.

"படக்காரரே, அவரு தனியா நிக்கறாரு பாருங்க. பக்கத்துல என்னையும் அதே அளவுக்கு எழுதிடுங்க. போட்டோ மட்டும் வேண்டாமுங்க. அதுல நானு கரிச்சட்டியாட்டம் விழுகறேன்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் கித்தான் துணியை இழுத்துக் கட்டி முன்னால் நின்றால் கை ஓடவில்லை. கோயில் வர்ணம் மாதிரி அப்பிவிட்டேன். அது காயவே இல்லை. போதாததற்குக் கணவாய்க் காற்று களத்துப் புழுதியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து ஈர வர்ணத்தின் மேல் ஒட்டியது. அந்த அம்மாள் எழுந்து வந்து பார்த்தார்.

"எருமைக்குச் சேறு பூசுனாப்பல இருக்குதுங்களே. இதுல நானு எங்க இருக்கறனுங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது நிஜம். கத்தியை எடுத்து மொத்தத்தையும் சுரண்டி எறிந்தேன். ஜன்னலுக்கு ஈரச் சாக்குக் கட்டினேன். மறுபடி மெல்லிசாக, ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது என்று ஆரம்பித்தேன். மாசி முடிவதற்குள் கை பழைய வழிக்கு வந்துவிட்டது. முகம் தெளிந்து வந்தது. மகன் பழனிச்சாமிகூட வந்து பார்த்துவிட்டு, "எங்கம்மா பேசப் போறாங்களாட்ட இருக்குது" என்றான்.

கண்ணுக்கு வந்ததும் என் கை தானாக நின்றது. கோயிலில் எந்த உருவத்துக்கும் கண்ணைக் கடைசியில்தான் திறப்போம். நாள் பார்த்து, பூசை போட்டு. அதற்கு முன் கண் இருக்கிற இடத்தை உற்றுப் பார்க்கக்கூட மாட்டோம். எனக்குப் பாடம் சொன்ன ஓவியர், முகத்தோடு முகமாகக் கண்ணை எழுதிவிடு, கண் இல்லாமல் முகம் இல்லை என்று தலையில் குட்டிச் சொல்லித் தந்தவர். அது நினைவுக்கே வரவில்லை. பழக்கம் அப்படி ஊறிப்போயிருந்தது.

"கண்ணு எப்பங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"பங்குனியில நல்ல நாள் பாத்துத் தெறக்கறனுங்கம்மா."

"அது வரைக்கும் நானு குருடியாட்டம் நிக்கோணுமாக்கும்?" என்று சிரித்தார்.

பழனிச்சாமியும் அவன் மனைவி கண்ணம்மாளும் அப்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பங்குனி பிறந்ததும் அவருக்குக் காய்ச்சல் கண்டது. அடுத்து முத்துப் போட்டது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். அம்மை கண்ட வீட்டு முறை உங்களுக்குத் தெரியும். உள்ளே இருக்கிறவர் வெளியே போகக்கூடாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது, தாளிப்பு கூடாது, எண்ணெய் வாசனையே கூடாது. நான் அவர்கள் வண்டிச் சாளையில், அதாவது வண்டி நிறுத்துகிற கொட்டகையில், தங்கி வேலை செய்தவன். அதனால் உள்ளே அகப்பட்டேன். என்னோடு எண்ணெய் நாற்றம் வீசுகிற அந்தப் படமும் அகப்பட்டது.

வர்ண டியூப்புகளையும் எண்ணெய்ப் புட்டியையும் தோட்டத்துக் கடைசியில் குழி தோண்டிப் புதைத்தேன். படத்தைக் கூடத்திலிருந்து வண்டிச் சாளைக்குத் தூக்கி வந்து ஓரமாகச் சாய்த்து வைத்தேன். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மொட்டைத் திட்டு. அதோடு ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கிற பயத்தை எப்படிச் சொல்வேன்! திரும்பிப் படுத்தாலும் முதுகில் அது உறைத்தது.

அம்மை இறங்கத் தலைக்கு ஊற்றுகிற மூன்று வேப்பிலைத் தண்ணீரில் முதல் தண்ணீர் ஊற்றினார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. முகமெல்லாம் முத்து. இமை வீங்கி ஒட்டிக்கொண்டது. கண்ணம்மாள் கிணற்றடிக்கு வந்தவள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "கண்ணுக்குள்ளயும் முத்துப் போட்டிருக்குதாட்ட இருக்குதுங்க. தெறக்கவே மாட்டேங்குது. அத்தைக்குக் கண்ணு போயிருமாட்ட இருக்குது."

அன்று சாயங்காலம் பழனிச்சாமி கொடுவாளோடு வண்டிச் சாளைக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. கையில் ஆயுதம் இருந்தும் மரியாதை மட்டும் போகவில்லை.

"தள்ளி நில்லுங்க. இந்தப் படத்த வெட்டிப் போடறேன். கண்ணில்லாத உருவத்த ஊட்டுக்குள்ள நிறுத்திப்போட்டீங்க. எங்கம்மாளே சொன்னாங்க, குருடியாட்டம் நிக்கோணுமான்னு. ஆத்தா அதைக் கேட்டுட்டா."

எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சொன்னதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் படத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"வெட்டாதீங்க தம்பி. அம்மாளோட முகமுங்க அது. இந்த நேரத்துல அதும் மேல கொடுவாளை வெக்கலாமுங்களா? மூணாந் தண்ணி வரைக்கும் பொறுங்க. அதுக்கப்பறம் என்னையும் சேத்து வெட்டுங்க."

கொடுவாளை வண்டிச் சக்கரத்தில் ஓங்கிக் கொத்திவிட்டு, அதை அங்கேயே விட்டுவிட்டுப் போனான். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாம் தண்ணீருக்குப் பிறகும் இமை பிரியவில்லை. இந்தத் தடவை கண்ணம்மாள் வேறு மாதிரி வந்தாள்.

"ஏனுங்க, கையெடுத்துக் கும்பிடறேன். இப்பவே படத்துல கண்ணை எழுதிப்போடுங்க. அது தெறந்தா அத்தைக்கும் தெறந்துக்கும். எண்ணெய் நாத்தத்துக்கு ஆத்தாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

என்ன செய்வேன்? எழுதினால் அம்மை வீட்டில் எண்ணெயை எடுத்த குற்றம். எழுதாவிட்டால் இந்தப் பெண்ணின் கண்ணீர். கரித்துண்டால் தரையில் அந்தக் கண்ணை முதலில் வரைந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

வரவில்லை.

ஒரு கோடு போடுவேன், அழிப்பேன். பெரிய கண்ணா, சின்னக் கண்ணா? ஓரம் மேலே ஏறியதா, சரிந்ததா? ஐயோ, மாசி முழுக்க எதிரே உட்கார வைத்து எழுதிய முகம்! கோயில் பழக்கத்தில் அந்த அம்மாளின் கண்ணை நான் ஒரு தடவைகூட நேராகப் பார்த்திருக்கவில்லை. கழுத்தைப் பார்த்தேன், மூக்கைப் பார்த்தேன், அவரைப் பார்க்கவில்லை. அந்தக் கண் போய்விட்டால் இனி உலகத்தில் எங்கும் அது இல்லை. படத்திலும் இருக்காது. வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதேன். பெற்ற தகப்பன் செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை.

"என்னால முடியாது அம்மிணி. எனக்கு அவுங்க கண்ணே தெரியல" என்று கண்ணம்மாளிடம் சொல்லிவிட்டேன். அவள் திரும்பிப் போனாள்.

கோயிலுக்குப் போக வழியில்லை. கிணற்றடி வேப்ப மரத்தின் கீழ் மஞ்சள் பூசிய ஒரு கல் இருக்கிறது. அதுதான் எனக்குக் கோயில். ஈர வேட்டியோடு அதைச் சுற்றி உருண்டேன். உப்பில்லாத கூழ் மட்டும் குடித்தேன். எனக்கு மந்திரம் தெரியாது. சண்டைதான் போட்டேன்.

"ஆத்தா, உன்ற குதிரைக்குக் கண்ணு தெறந்தேன், உன்ற சிங்கத்துக்குத் தெறந்தேன். கண்ணைத் தெறக்கறவன் நான்னு மண்டைக்கனம் புடிச்சுத் திரிஞ்சேன். என்னால ஆகாதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. அந்தப் புள்ளைகளுக்கு அவுங்க அம்மாளோட கண்ணைக் குடு. எனக்கு ஒரே ஒரு தடவை அதை நேராப் பாக்கக் குடு. வேற ஒண்ணும் வேண்டாம்."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். தொண்டை கட்டிப்போயிற்று. பதில் ஒன்றும் வரவில்லை. காற்றும் வெயிலும்தான். இருந்தாலும் எழுந்து போகவில்லை.

மூன்றாம் தண்ணீர் ஊற்றுகிற அன்று காலை. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைக் கண்ணம்மாள் முற்றத்துக்கு எடுத்து வந்தாள். ராமாத்தாள் அம்மாளைப் பலகையில் உட்கார வைத்தார்கள். நான் வண்டிச் சாளை வாசலில் நின்றேன். கிட்டே போகத் தைரியம் இல்லை. தலையில் தண்ணீர் விழுந்தது. நனைந்த வேப்பிலையால் கண்ணம்மாள் இமையை ஒற்றி ஒற்றி எடுத்தாள். பழனிச்சாமி குனிந்து பார்த்தான். 

வலது இமை பிரிந்தது. பிறகு இடது. உள்ளே ஒரே சிவப்பு. அந்த அம்மாள் முகத்தை மெல்ல இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பினார். கும்மிருட்டில் தேடுகிற மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. போச்சு என்று நினைத்தேன். ஆத்தா, போச்சா?

"பழனி" என்றார். குரல் கரகரத்தது. "ஏண்டா உன்ற துணி இத்தனை அழுக்கா இருக்குது?"

பழனிச்சாமி அந்த ஈர மண்ணிலேயே விழுந்து தாயின் காலைப் பிடித்துக்கொண்டான். கண்ணம்மாள் ஆத்தா ஆத்தா என்று கத்தினாள். என் கன்னத்தில் தண்ணீர் ஓடியது. அந்த அம்மாள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"படக்காரரே, இன்னும் ஊருக்குப் போகலீங்களா? என்ற கண்ணை வெச்சாச்சுங்களா?"

அப்போதுதான் அந்தக் கண்ணை நேராகப் பார்த்தேன். பெரிய கண் இல்லை. இடது கண் ஓரத்தில் புதிதாக ஒரு வெள்ளைப் பூ விழுந்திருந்தது. ஆனாலும் அது பார்த்தது. என்னைப் பார்த்தது.

சித்திரையில், அந்த அம்மாள் உடம்பு தேறிக் கோயிலுக்குப் பொங்கல் வைத்துத் திரும்பிய பிறகு, புதைத்த புட்டியைத் தோண்டி எடுத்தேன். படம் நன்றாகக் காய்ந்திருந்தது. அவரை எதிரே உட்கார வைத்துக் கண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். எழுதி முடித்துத் தள்ளி நின்றேன். அவர் வந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"கண்ணு என்னுதுதானுங்க. மூஞ்சி என்னுது இல்லீங்களே. தழும்பு எங்கீங்க?"

"அது வேண்டாமுங்கம்மா. முன்ன இருந்தாப்பலயே..."

"ஆத்தா தொட்ட எடமுங்க அது. அதை மறைச்சுப் போட்டு அவகிட்ட எந்த மூஞ்சியோட போய் நிக்கறது? எழுதுங்க. கண்ணுல இருக்கற பூவையும் உடாதீங்க."

எழுதினேன். ஒவ்வொரு தழும்பாக எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயபக்தியோடு எந்தக் கோயில் வேலையும் செய்ததில்லை.

அந்தப் படம் இன்றும் அந்தக் கூடத்தில் கணவர் பக்கத்தில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். அதைப் பார்த்தவர்கள் கூப்பிட்டு, நான் மறுபடி எண்ணெய் வர்ணத்துக்கே வந்துவிட்டேன். இப்போது யாரை எழுதினாலும் முதலில் எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்க்கிறேன். முதல் வேலை கண்தான். அதை எழுதிய பிறகுதான் மற்றது. கோயில் வாகனத்துக்குக் கண் திறக்கப் போனால் மட்டும், கடைசியில் திறக்கிற முறை மாறாமல், இது என் கை இல்லை தாயே என்று சொல்லிவிட்டுத் தொடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஏதோ ஒரு கண் மூடிக் கிடக்கலாம். வேண்டியும் பதில் வராத நாளில் கொடுவாளைத் தூக்கத் தோன்றும். அவசரப்பட்டு நாமே எழுதி முடித்துவிடலாம் என்றும் தோன்றும். எனக்கு இரண்டும் தோன்றியது. தயவு செய்து பொறுத்திருங்கள். வேப்ப மரத்தடியிலேயே கிடந்து சண்டையாவது போடுங்கள். அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது, ஏன் இப்படித் தழும்போடு எழுத வைத்தீர்கள் என்று கேட்டால் ராமாத்தாள் அம்மாள் சிரிப்பார். "பாதி படக்காரரு எழுதுனாரு. மீதிய ஆத்தா எழுதுனா. அவ எழுதுனத அழிக்க நானு ஆருங்க?" என்பார்.