அத்தைக்காக நான் பேசிய சிங்களம்

முனியாண்டிக்கு ஹோன் அடிக்காமல் என் மாமா அந்த வளைவைத் திரும்பியதே இல்லை. மாமா எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து லொறி ஓட்டினார். கஹவத்தையிலிருந்து கொடகவெலப் பக்கம் போகும் பாதையில், மூங்கில் மூடிய ஒரு வளைவின் ஓரத்தில், ஒரு சூலத்தோடும் இரண்டு கல்லோடும் முனியாண்டி குடியிருந்தார். தோட்டத்து டிரைவர்கள் அந்த இடம் வந்ததும் இரண்டு குட்டையும் ஒரு நீளமுமாக ஹோன் அடிப்பார்கள். சாமிக்குக் கும்பிடும் ஆயிற்று, எதிரே வருகிறவனுக்கு எச்சரிக்கையும் ஆயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மாமா கண்ணில் பட்டால் என்னை முன்சீட்டில் ஏற்றிக்கொள்வார். வளைவு நெருங்கியதும், "அடி பாப்பா, சாமி காத்துக்கிட்டு இருக்காரு" என்பார். நான் எழுந்து நின்று அடிப்பேன். உலகத்தில் இதைவிடப் பெரிய உத்தியோகம் இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எனக்குப் பதினொரு வயதான வருடம், அதே வளைவில் மாமாவின் லொறியும் எதிரே வந்த ஒரு காரும் மோதிக்கொண்டன. காரில் இருந்த பெரியவர் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அவரை வெளியே எடுப்பதற்காக ஆட்கள் காரை இழுத்துத் தள்ளியிருந்தார்கள். அதனால் பொலிஸ் வந்தபோது எந்த வண்டி எந்தப் பக்கம் நின்றது என்பதற்கு அடையாளமே இல்லை. லொறி ஹோன் அடிக்காமல் நடுப்பாதையில் வந்தது என்று கார் ஓட்டியவர் சொன்னார். மாமாவை ரிமாண்டில் போட்டார்கள். பிணை நிற்பதற்கு வீடு வளவு உள்ள ஆள் வேண்டும் என்றார்கள். தோட்டம் கட்டிக் கொடுத்த லயத்து அறைகளில் யாருக்குச் சொந்த வீடு இருக்கிறது? மாமா உள்ளேயே இருந்தார்.

வளைவுக்கு மேலே உள்ள மலையில் அன்று நாலு பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் காதிலும் ஹோன் விழுந்திருந்தது. அம்மா வீடு வீடாகப் போய், வந்து சாட்சி சொல்லும்படி கெஞ்சினாள். அது வடக்கே சண்டை நடந்த காலம். பொலிஸுக்குத் தானாக நடந்து போகிற தமிழாள் யார்? அடையாள அட்டை இல்லை என்றாள் ஒருத்தி. அன்றைக்குப் பேர் விழாது என்றாள் இன்னொருத்தி. பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் சம்பளம். மூன்றாவது ஆள் அழுதே விட்டாள். மிஞ்சியது மாமாவின் மனைவி, என் அத்தை.

அத்தை நுவரெலியாப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். எங்கள் பக்கத்தில் பால்குடி மறக்காத பிள்ளைகூட ரெண்டு வார்த்தை சிங்களம் பேசும். அத்தைக்கு பஸ்ஸை நிறுத்தச் சொல்லுகிற அளவுக்குத்தான் வரும். நானோ, தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோனதால், கீழே சிங்களப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். லயத்துக்கு வரும் சிங்களக் கடிதமெல்லாம் என்னிடம்தான் வாசிக்க வரும். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பொலிஸில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை என்றதும், அத்தைக்குப் பேசிக் கொடுக்க என்னை வெள்ளைக் கவுனை மாட்டி அனுப்பினார்கள்.

சார்ஜண்ட் ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். அத்தை உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

"நான் பாக்கலைங்க. மூங்கி மறைச்சிரும், ஒன்னும் தெரியாது. ஹோன் சத்தம் கேட்டிச்சு. ரெண்டு சின்னது, ஒரு பெருசு. எங்க வீட்டுக்காரரு அடிக்கிறது எனக்குத் தெரியுங்க. அதுக்குப் பொறகுதான் மோதுன சத்தம்."

நான் பாதி சொல்வதற்குள் சார்ஜண்ட் பேனாவைக் கீழே வைத்தார். கேட்டது கிடக்கட்டும், பார்த்தாளா இல்லையா என்று என்னிடம் கேட்டார். பார்க்காதவள் இவ்வளவு தூரம் எதற்கு வந்தாள் என்பதுபோல் இருந்தது அவர் முகம். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பேனா மறுபடி எழும்பாவிட்டால் மாமா வீட்டுக்கு வரமாட்டார் என்று நினைத்தேன்.

"தெக்கா" என்றேன். பார்த்தாள் என்று.

பேனா நகரத் தொடங்கியது. லொறி ஓரமாகத்தான் வந்தது, கார்தான் நடுவில் வந்தது என்று நானே சேர்த்துச் சொன்னேன். அதைப் பொய் என்று நான் நினைக்கவே இல்லை. மாமா எப்போதும் ஓரமாகத்தான் ஓட்டுவார்.

எழுதி முடித்ததும் அதை அத்தைக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு, அத்தை சொன்னதையே தமிழில் திருப்பிச் சொன்னேன். ஹோன் கேட்டது, பிறகு மோதிய சத்தம் கேட்டது. அத்தை ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பிறகு தனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்துக்குக் கீழே தமிழில் மெதுவாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஆறேழு மாதம் கழித்து அத்தையைக் கோர்ட்டுக்குச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். எங்கள் சட்டத்தரணி முதலிலேயே சொல்லியிருந்தார். "அந்த ஹோன் ஒன்னுதான் நம்ம கையில இருக்கு. காதால கேட்டத அப்படியே சொல்லுங்க, போதும்."

அத்தை அப்படியே சொன்னாள். நீதவான் குறித்துக்கொண்டார். பிறகு வழக்கை நடத்திய பொலிஸ் அதிகாரி எழுந்து, அத்தையின் வாக்குமூலத்தை வாசித்தார். மொழிபெயர்ப்பாளர் அதை வரி வரியாகத் தமிழில் சொன்னார். "நான் பார்த்தேன். லொறி ஓரமாக வந்தது. கார் நடுவில் வந்தது." அன்றைக்குப் பார்த்தேன் என்றாய், இன்றைக்குப் பார்க்கவில்லை என்கிறாய், எது பொய் என்று அதிகாரி கேட்டார்.

அத்தை ஒன்றும் புரியாமல் விழித்தாள். பிறகு மெல்லத் திரும்பி, பின்வாங்கில் அம்மாவோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அதன் பிறகு கூண்டில் நின்ற மாமாவைப் பார்த்தாள்.

இப்படிச் சொன்னது நீதானா, வேறு யாராவதா என்று நீதவான் கேட்டார்.

"நான்தாங்க சொன்னேன். பொய் சொல்லிப்புட்டேன்."

அப்படியானால் ஹோனும் பொய்தானா என்றார் அதிகாரி. அத்தை வாய் திறக்கவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

மாமாவுக்கு இரண்டு வருடம் கிடைத்தது. புருஷனை உள்ளே தள்ளிய பொய்க்காரி என்று லயத்தில் அத்தையைப் பேசினார்கள். அம்மாகூடப் பல மாதம் அவளிடம் முகம் கொடுக்கவில்லை. அத்தை யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாமாவிடம் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நானும் யாரிடமும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சாட்சி சொன்ன அன்று திரும்பி வரும் பஸ்ஸில் அம்மா முன்னால் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். அத்தை எனக்கு ஜன்னலோர இடம் கொடுத்தாள். பஸ் கஹவத்தையைத் தாண்டியது. பிறகு என் பக்கம் குனிந்து, "இனிமே பொலிசுல யாருக்கும் பேசிக் குடுக்காத பாப்பா. காலம் கெட்டுக் கெடக்கு. புள்ளைகள புடிச்சி வச்சிக்கிட்டா யாருகிட்டப் போயி கேக்குறது?" என்றாள்.

சரி என்றேன். என் சிங்களத்தைப் பார்த்து அத்தைக்குப் பொறாமையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பொலிஸில் சொன்னது என்ன என்பது அவளுக்கே மறந்துவிட்டது, நான் தப்பித்தேன் என்று மனசு லேசாகியிருந்தது. முனியாண்டி வளைவில் பஸ் நீளமாக ஹோன் அடித்தது. அத்தையின் உடம்பு குலுங்கியது. பாதை சரியில்லை என்று எண்ணிக்கொண்டு, அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனேன்.