கறுப்பு வெள்ளைத் தரை

ஆண்கள் மட்டுமே கூடிய ஃப்ரீமேசன் சங்கத்தின் பழைய மண்டபத்தில் இப்போது நகைச்சுவை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. தாராவியிலிருந்து அப்பாவை அழைத்துச் சென்றேன். வாசலில் எழுந்த தரைமெழுகின் வாசனை என்னை ஆறு வயதுக்கு இழுத்தது.

அன்று அப்பா அங்கே தரை துடைப்பவர். "ஏட்டி, உள்ள வந்திராத. பொம்பளையாளு வந்தா என் வேலை போயிரும்" என்று வாசலிலேயே நிறுத்துவார். ஒருநாள் அவர் அசந்த நேரத்தில் உள்ளே ஓடி, கறுப்பு வெள்ளைக் கட்டங்களில் பாண்டி ஆடினேன். செயலாளர் வந்துவிட்டார்.

"யே கோன் ஹை?" யார் இது என்று இந்தியில் அதட்டினார்.

திருச்செந்தூரில் மொட்டையடித்த தலையோடு, டிரவுசரில் நின்றேன். "மேரா லட்கா, சாப்" என்று என்னை மகனாக்கினார் அப்பா. வேலை தப்பியது. வீடு வரும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

இன்று கதவு திறந்ததும் அப்பா ஒதுங்கி நின்றார்.

"நீ மொதல்ல போ, தாயி."