கைதப்பூ சோப்பு

கணவர் போன பிறகு என் தலையில் பூ ஏறவில்லை. யாரும் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. பூக்காரி என் வாசலைத் தாண்டிப் போனாள், அவ்வளவுதான். கணவரின் அக்காள், நான் மைனி என்று கூப்பிடுகிறவள், பக்கத்து வீட்டில்தான் இருந்தாள். நான் என்ன உடுத்தினேன், எங்கே நின்றேன் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் போகாது. வெள்ளைச் சேலைக்குச் சம்மதித்தேன். பூ இல்லாத தலைக்கும் சம்மதித்தேன். மணமும் கூடாது என்றால் அதற்கு மட்டும் என்னால் சம்மதிக்க முடியவில்லை.

தொண்ணூறுகளில் பக்கத்துக் கிறிஸ்தவ சபையில் பெண்களுக்குச் சோப்பு செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். சபைக்குப் போகிற எதிர்வீட்டுக்காரி கற்றுக்கொண்டு வந்து எனக்கும் சொன்னாள். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஆறவிட வேண்டும். அதைத் தேங்காய் எண்ணெயில் மெல்ல ஊற்றி, கஞ்சிப் பதம் வரும்வரை கிண்ட வேண்டும். அவசரப்படாமல் கிண்டுகிற கை வேண்டும். அது என்னிடம் உண்டு.

ஊற்றி உறையவைக்க ஏனம் தேடினேன். அம்பூரி ரப்பர் தோட்டத்தில் பால் உறையவைக்கிற அலுமினியத் தட்டு ஒன்று வீட்டில் கிடந்தது. பால் உறைகிற தட்டில் சோப்பு உறையாதா என்று ஊற்றினேன். தட்டு சீறியது. குமிழ் பொங்கி, ஓரமெல்லாம் கறுத்து, நாற்றம் முற்றம் முழுக்கப் பரவியது. வேலிக்கு மேலாக மைனியின் தலை தெரிந்தது.

"என்னட்டி, குடலைப் பிரட்டுது! யாருக்கு விஷம் காய்ச்சுக?"

"வாசனைச் சோப்பாக்கும் மைனி."

"அறுத்தவளுக்கு என்னத்துக்கு வாசனை? யாருக்கு மணக்கப் போற?"

"எனக்க மூக்குக்கு."

எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து தட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ அக்கா, காரத்துக்கு அலுமினியம் ஆகாது. இத சொல்ல மறந்துட்டேனே!"

அடுத்த தடவை கமுகம்பாளையில், பாக்கு மரத்தின் அகன்ற மட்டையில், ஊற்றினேன். வெள்ளைவெளேர் என்று இறுகியது. நறுக்கி, காரம் அடங்கும்வரை காற்றில் வைத்தேன். பூவாறிலிருந்து மீன் கொண்டுவருகிறவளிடம் காயல்கரைக் கைதப்பூ கேட்டிருந்தேன். தாழம்பூவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பட்டுச் சேலை மடிப்பில் அதன் மடலை வைப்பது எல்லா வீட்டிலும் உண்டு. நான் தகரப் பெட்டியிலிருந்த பட்டுச் சேலையை வெளியே எடுத்துவிட்டு, சோப்பை அடுக்கி இடையிடையே மடலை வைத்து மூடினேன். பிறகு ஒருநாள் மூடியைத் திறந்தபோது அறையே மணத்தது.

குளியல் எங்களுக்குக் கால்வாயில்தான். தண்ணீர் வருகிற பக்கம் இருக்கும் மேல் கல் மைனிக்கு. மூத்தவள் அல்லவா, அவள் மேல் அழுக்குத் தண்ணீர் படக்கூடாது. மற்றவர்கள் அவளுக்குக் கீழே நிற்போம். அன்று நான் சோப்பைத் தேய்த்ததும் மைனி மூக்கை உயர்த்தினாள்.

"எவட்டி கைதப்பூ வச்சிருக்கா?"

எல்லோர் தலையையும் பார்த்தாள். என் தலையில்தான் அதிக நேரம் கண் நின்றது. ஈரம் சொட்டிக்கொண்டு வெறுமையாக இருந்தது அது.

"எனக்க சோப்பாக்கும் மைனி."

"வெக்கம் உண்டாட்டி உனக்கு? இங்க குளிக்கணும்னா அத தூர எறி!"

பெண்கள் தேய்ப்பதை நிறுத்தினார்கள். எறிந்தால் அதோடு முடிந்தது, இனி வாழ்நாள் முழுக்க மைனி சொல்கிற மணம்தான் எனக்கு. சோப்பை எடுத்துக்கொண்டு கரையேறினேன். நான் வீட்டுக்குப் போகிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நான் மைனியின் கல்லையும் தாண்டிப் போய், அவளுக்கு மேலே தண்ணீரில் இறங்கினேன்.

"தலையில ஒண்ணும் வைக்கல்ல மைனி. அழுக்கு தேய்க்கதுக்கும் உங்ககிட்ட கேக்கணுமா?"

கழுத்து, கை, கால் என்று நிதானமாகத் தேய்த்தேன். நுரை மிதந்து போய் மைனியின் இடுப்பைச் சுற்றி நின்றது. கீழே ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீருக்குள் முங்கினாள்.

மைனிக்குத் தலையில் எண்ணெய் அப்படியே இருந்தது. அப்படியே கரையேற முடியாது, தன் கல்லை விட்டு எனக்கு மேலே வரவும் கௌரவம் விடவில்லை. ஏதோ முனகிக்கொண்டு அந்த நுரையிலேயே முங்கி எழுந்தாள். வீடுவரை நான் முன்னாலும் அவள் பின்னாலும் நடந்தோம். இரண்டு பேரும் மணத்தோம்.

மறுநாளும் நான் மேலேதான் இறங்கினேன்.