மாமாவின் வண்டி புகைந்த நாள்

மாமாவின் வண்டி எண்ணெய் குடித்தது. டீசலைச் சொல்லவில்லை, இன்ஜின் ஆயிலை. கிளம்புமுன் ஆயில் அளவுக் கம்பியை உருவிப் பார்ப்பார், ஆயில் இறங்கியிருக்கும், டப்பாவைச் சாய்த்து ஊற்றுவார். இன்ஜினைப் பிரித்துப் பார்க்கும்படி அத்தை சொல்லும்போதெல்லாம், சீசன் முடியட்டும் என்பார். எங்கள் பக்கம் ஒரு தீபாவளிச் சீசன் முடிவதற்குள் அடுத்ததற்குப் பட்டாசு ஆர்டர் வந்துவிடும்.

எனக்கு எட்டு வயதிருக்கும். தாயில்பட்டியில் ஏற்றிய பட்டாசு லோடைச் சிவகாசியில் இறக்கிவிட்டு, அப்படியே இருக்கன்குடி கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. லோடு வண்டியில் பிள்ளையை ஏற்றாதீர்கள் என்று அப்பா சொன்னதை மாமா சிரித்தே மழுப்பிவிட்டார். கோயிலுக்குப் போகிற நாளாயிற்றே என்று வண்டிக்கும் ஆயிலைத் தாராளமாக ஊற்றியிருந்தார். முன்சீட்டில் மாமாவுக்கும் அத்தைக்கும் நடுவில் நான்.

ஒரு மேட்டில் ஏறும்போது பின்னால் ரோடே தெரியவில்லை. நீலமும் வெள்ளையுமாகப் புகை. எதிரே பைக்கில் வந்தவர், “அண்ணாச்சி, லோடு புகையுது! குதிங்க!” என்று கத்திக்கொண்டே வந்த வழியே திரும்பிப் பறந்தார்.

மாமா பிரேக்கை மிதித்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டுக் குதித்தார். அத்தை என்னை மக்காச்சோளக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு ஓடி, கீழே தள்ளி, என்மேல் கவிழ்ந்துகொண்டாள். அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது என் முதுகில் இடித்தது. காற்று புகையை எங்கள் பக்கமே தள்ளியது. எதுவும் வெடிக்கவில்லை. இன்ஜின் மட்டும் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

மாமா மெல்ல வண்டியை நோக்கி நடந்தார்.

“போகாதீக! சொல்லுதேன்ல, போகாதீக!” என்று அத்தை அலறினாள்.

அவர் நின்று புகையை முகர்ந்து பார்த்தார். தார்ப்பாயைத் தூக்கிப் பெட்டிகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சாவியைத் திருகினார். சத்தம் நின்றது. சற்று நேரத்தில் புகையும் கலைந்தது.

“ஒண்ணுமில்ல, வாங்க. ஆயில் புகைதான்.”

அத்தை ஓடிப்போய் அவர் முதுகில் அடித்தாள். அடித்துக்கொண்டே அழுதாள். அந்த அழுகை எங்கே சிரிப்பானது என்று தெரியவில்லை. பைக்கில் வந்தவரும் தயங்கித் தயங்கித் திரும்பி வந்து சிரிப்பில் சேர்ந்துகொண்டார்.

லோடு வேறு வண்டிக்கு மாறியது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, “பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு அண்ணாச்சி. ஆயில் மேல ஏறி டீசலோட சேந்து எரியுது. நீங்க அளவுக்கு மேல ஊத்துனா அம்புட்டும் கரியாத்தான் வரும். கண்ணுக்குத் தெரியாத பொடி. பின்னால வாரவன் நெஞ்சுக்குள்ள போயிரும்” என்றார். சீசன் முடியட்டும் என்று மாமா அன்று சொல்லவில்லை. இன்ஜினைப் பிரிக்கக் கொடுத்தார். பிறகு அந்த வண்டிக்குப் பின்னால் போனவர்களுக்கு ரோடு தெரிந்தது.

நாங்கள் பஸ்ஸில் கோயிலுக்குப் போனோம். அத்தை முந்தானையால் என் முகத்தைத் துடைக்க, துணி கறுத்தது. என் புதுப் பாவாடை முழுக்கக் கரியும் மண்ணும். நான் ஓவென்று அழுதேன். அவளோ, “வெறும் கரிதாம்மா, வெறும் கரிதான்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அடுத்தவள் பாவாடை பாழானதில் ஒருத்திக்கு இவ்வளவு சந்தோஷமா என்று, ஊர் திரும்பும்வரை நான் அவளோடு பேசவில்லை.