மேனேஜருக்கு என் வீட்டுக்காரரைக் கண்டால் ஆகாது

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வருவது எனக்கு முன்னால் தெருநாய்களுக்குத் தெரிந்துவிடும். முனை திரும்பும்போதே கச்சேரி ஆரம்பம். சத்தம் கேட்டதும் நான் டீக்குத் தண்ணீர் வைப்பேன். எங்கள் வீட்டுக் கடிகாரம்கூட நின்றுபோனதுண்டு, இந்தக் குரைப்பு நின்றதில்லை.

பின்னே, நகராட்சியில் நாய் பிடிக்கிற வேலையாயிற்றே, ஊர் நாய்களின் வாடையெல்லாம் சட்டையில் இருக்கும். வெறிநோய் பரவாமலிருக்கத் தெருத்தெருவாக வேனில் போவார்கள். இவர் வலை வீசிப் பிடிப்பார், டாக்டர் ஊசி போடுவார், போட்டதற்கு அடையாளமாக முதுகில் நீலச் சாயம் அடித்து அங்கேயே விட்டுவிடுவார்கள். கல்யாணமான புதிதில் என் அம்மா, மாப்பிள்ளைக்கு நகராட்சியில் வேலை என்று மட்டும் சொல்லி மீதியை முழுங்கிவிடுவார். எனக்கென்ன வெட்கம்? மனுஷன் ஒரு நாயை அடித்ததில்லை. வலையில் மாட்டியதைக்கூட ராஜா, கண்ணு என்று கொஞ்சுவார். என்னை அப்படிக் கூப்பிட்டு எத்தனை வருஷமாச்சு, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

எங்கள் தெருவுக்குப் பெரிய தலை மேனேஜர் என்கிற நாய். இஸ்திரிக்காரம்மாவின் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு போகிறவர் வருகிறவரை மேற்பார்வை பார்க்கும். மத்தியானத்தில் அந்தம்மாவின் சின்னப்பெண் அதன் வயிற்றில் தலைவைத்துத்தான் தூங்குவாள். ஊருக்கெல்லாம் வாலாட்டும் மேனேஜருக்கு என் வீட்டுக்காரரைக் கண்டால் மட்டும் ஆகவே ஆகாது.

பக்கத்துத் தெரு நாய் ஒன்றுக்கு வெறி பிடித்த வாரம், ஊசி வேன் முதல்முறையாக எங்கள் தெருவுக்கு வந்தது. பார்த்தால் எல்லா நாய் முதுகிலும் ஏற்கெனவே நீலக் கோடு. இவர் தள்ளி நின்று பார்த்துச் சிரித்துவிட்டார். வலையில் துள்ளுகிற நாய்க்குச் சாயம் கோணல்மாணலாகத்தான் விழும். இதுவோ கம்பிக் கேட்டுக்கு அடித்தது போல நேராக இருந்தது. யார் வீட்டுக் கேட்டுக்கோ அடித்த பெயிண்டில் மிச்சம்தான் அது. இந்த ஊசித் திட்டம் வருமுன் நகராட்சி வேனில் ஏறிய நாய் திரும்பி வந்ததில்லை, கொன்றுவிடுவார்கள். அந்தப் பயத்தில் தெருவே கூடிப் பூசியிருக்கிறது, என்னிடம் மட்டும் ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. எனக்கு வந்ததே கோபம், நடுத்தெருவில் நின்று ஒரு பிடி பிடித்துவிட்டேன்.

இவர் என்னை உள்ளே போகச் சொன்னார். வலையை வேனில் போட்டு, வேனை முனைக்கு அனுப்பிவிட்டு, வெறுங்கையோடு இஸ்திரிக்காரம்மா முன்னால் போய் நின்றார்.

"அக்கா, நான் தொடவே மாட்டேன். நீங்களே பிடிச்சுக்குங்க, உங்க மடியில வச்சே ஊசி போடட்டும். உங்க பொண்ணு தலை வச்சுத் தூங்குற நாய் அது."

அந்தம்மா இஸ்திரிப்பெட்டியை ஓரம் வைத்துவிட்டு மேனேஜரை அணைத்துக்கொண்டார். ஊசி போட்டு முடிந்ததும் மேனேஜர் அங்கேயே இருந்ததைப் பார்த்து, ஆளாளுக்குத் தங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். நீலம் ஏற்கெனவே இருந்ததால் இந்தத் தடவை சிவப்புச் சாயம். கொஞ்சநாள் எங்கள் தெரு நாய்களெல்லாம் ஏதோ கட்சியில் சேர்ந்த மாதிரி திரிந்தன.

அடுத்த மாதம் எங்கிருந்தோ வந்த வெறிநாய் ஒன்று மேனேஜரின் காதைக் கடித்துவிட்டது. அந்த வெறிநாயை இவர் வலைபோட்டுப் பிடித்துவிட்டார். டாக்டர் மேனேஜருக்கு மறுபடி ஊசி போட்டார். முன்பே போட்டிருப்பதால் பிழைத்துவிடும் என்றாலும், ஒன்றரை மாதம் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்திலேயே கூண்டில் வைத்துக் கவனிக்க வேண்டும், குணமோ குரலோ மாறினால் அது வெறியின் அறிகுறி, உடனே சொல்ல வேண்டும் என்றார். சின்னப்பெண் கூண்டுப் பக்கம் போகக்கூடாது. எங்கள் வாசலில் உட்கார்ந்து அழுவாள். எனக்கும் சோறு இறங்கவில்லை.

அன்றிலிருந்து சாயங்காலமானால் தெருவே என் வீட்டுக்காரருக்காகக் காத்திருந்தது. அவர் முனை திரும்புவார். எல்லாரும் கூண்டையே பார்ப்போம். மேனேஜர் எழுந்து, அதே குரலில், அதே வெறுப்போடு குரைக்கும். அப்பாடா என்று நான் போய் அடுப்பைப் பற்றவைப்பேன்.

கெடு முடிந்து டாக்டர் கூண்டைத் திறந்த அன்று சின்னப்பெண் மேனேஜரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மேனேஜர் அவள் தோளுக்கு மேலாக இவரைப் பார்த்து, காது கிழிகிற மாதிரி குரைத்தது. இஸ்திரிக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, இன்னும் ஒரே ஒரு தடவை முனையிலேருந்து நடந்து வாங்க."

இவரும் முனைவரைக்கும் போய்த் திரும்பி நடந்து வந்தார்.